கிளாரா வீட்டு பால்கனி

மஞ்சள் தாள் எனக்கு எப்போதுமே பிடிக்காது. ஸ்டுடியோ விளக்கு பட்டால் கண் கூசும், பென்சிலால் எழுதினால் எடுப்பாகத் தெரியாது. இருந்தாலும் ஆறு வருடம் அதோடுதான் குப்பை கொட்டினேன்.

'கிளாரா வந்தாச்சு' டிவி காமெடித் தொடரை நீங்களும் பார்த்திருப்பீர்கள், சார். லாஸ் ஏஞ்சலீஸில் அந்தச் சமயத்தில் அதைப் பார்க்காத வீடு கிடையாது. கல்யாணம் ஆகாத பெண், ரேடியோ நிலையத்தில் வேலை, தனி வீடு, யாருக்கும் அடங்காத வாய். கிளாராவாக நடித்தவள் கொரின் வாஸ்கோ. நான் ஸ்கிரிப்ட் பொறுப்பாளன், ஹார்லன் ப்ரூயிட்.

எங்கள் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எழுத்தாளர்கள் கடைசி நிமிடம்வரை மாற்றிக்கொண்டே இருப்பார்கள். முதல் பிரதி வெள்ளை. முதல் திருத்தம் நீலம், அடுத்தது ரோஜா நிறம், அதற்கும் அடுத்தது மஞ்சள். ஒவ்வொரு நடிகரின் ஃபைலிலும் பழைய தாளை உருவிவிட்டுப் புதுத் தாளைச் செருகுவது நான். திருத்தத்தைப் பற்றி நடிகரிடம் வேறு யாரும் வாய் திறக்கக் கூடாது. ஆளுக்கு ஆள் பேசினால் வசனம் குழம்பும் என்று அந்த வழக்கத்தைக் கொண்டுவந்ததும் நான்தான். டைரக்டர்கூட அதை மீறியதில்லை.

கொரினுக்கு நான் அதற்கு மேலும் செய்தேன். ரசிகர் கடிதங்களுக்குப் பதில், பல் டாக்டரிடம் நேரம் வாங்குவது, அவள் அக்காவின் பிறந்தநாளுக்குப் பூ அனுப்புவது, எல்லாம். யாரும் கேட்டுச் செய்ததில்லை. எனக்கு அவளைப் பிடிக்கும். இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

ஒரு புதன்கிழமை மதியம் சாண்ட்விச்சைக் கடித்துக்கொண்டே சொன்னாள்.

"இந்த சீசனோட போதும், ஹார்லன். நியூயார்க்ல ஒரு நாடகம் வந்திருக்கு. வெள்ளிக்கிழமை மத்தியானம் அந்தாளுங்கள பாத்துக் கையெழுத்துப் போடப் போறேன்."

"நியூயார்க்ல உனக்கு யாரத் தெரியும்?"

"ஒருத்தரையும் தெரியாது. அதான் குஷியா இருக்கு." சிரித்தாள். "கிளாரா யாரையும் கேக்காம வாழறா. அவளா நடிக்கிற நான், குடை எடுத்துட்டுப் போகணுமான்னுகூட உங்களக் கேக்கறேன். வெளிய தெரிஞ்சா மானம் போயிடும்."

நானும் சிரித்தேன். அன்று இரவு சரியாகச் சாப்பிடவில்லை.

வெள்ளிக்கிழமை அவள் போயிருந்த நேரத்தில்தான் மஞ்சள் தாள் வந்தது. கிளாரா வீட்டு பால்கனிக் காட்சி. பழைய தாளில், அவள் கைப்பிடிக் கம்பியில் முதுகைச் சாய்த்துக்கொண்டு மேலதிகாரியைத் திட்டுவாள். புதிய தாளில், குழாய் ரிப்பேர்காரர் கம்பியோடு சேர்ந்து கீழே விழுவார். அதற்காகத் தச்சர்கள் கம்பியை அறுத்து, ஒட்டி, மேலே பெயிண்ட் அடித்தார்கள். கிளாரா கதவோரமே நிற்க வேண்டும், கம்பியைத் தொடக் கூடாது என்று கொட்டை எழுத்தில் இருந்தது. ரிப்பேர்காரர் விழும்போது மட்டும் கீழே மெத்தை போடுவார்கள்.

அன்று சாயங்காலப் படப்பிடிப்புக்கு ஐந்து மணிக்கு வந்தவள் நேராக மேக்கப் அறைக்குப் போனாள். "ஏதாவது மாத்தினாங்களா?" என்று கண்ணாடியைப் பார்த்தபடி கேட்டாள்.

"இல்லம்மா, அப்படியேதான் இருக்கு," என்றேன்.

அவள் ஃபைலில் ரோஜா நிறத் தாள் இருந்தது.

மறந்துவிட்டேன் என்று அப்போது சொன்னேன். எல்லோரும் என் தோளைத் தட்டிச் சமாதானப்படுத்தினார்கள். நான் எதையும் மறப்பவன் இல்லை, சார். கால் எலும்பு முறியும், இரண்டு மாதம் படுப்பாள், நாடகம் வேறு ஒருத்திக்குப் போகும். அவ்வளவுதான் நினைத்தேன். அவள் முதுகுப்பக்கமாக விழுவாள் என்பதை நான் யோசித்திருக்க வேண்டும். என் மீது குற்றம் என்றால் அதுதான்.

அவள் விழுந்ததும், படப்பிடிப்பைப் பார்க்க அரங்கில் உட்கார்ந்திருந்த முந்நூறு பேரும் அதுவும் காமெடி என்று கைதட்டிச் சிரித்தார்கள். சிரிப்பு எத்தனை நொடி என்று குறிப்பதும் என் வேலை. பதினோரு நொடி. அந்த வருடம் வேறு எந்தக் காட்சிக்கும் அவ்வளவு வரவில்லை.

கழுத்துக்குக் கீழே எதுவும் அசையாது என்றார்கள். மறு வாரமே நான் வேலையை விட்டுவிட்டு அவள் வீட்டுக்கே போய்விட்டேன். சோறூட்டுகிறேன், தலை வாருகிறேன், நாளிதழ் படித்துக் காட்டுகிறேன். அவள் அக்கா, தன் ஊரான டுலூத்திலிருந்து வந்து கூட்டிப்போகிறேன் என்று மூன்று முறை எழுதினாள். "எனக்கு யாரையும் பார்க்கப் பிடிக்கவில்லை" என்று கொரின் பெயரில் பதில் போட்டேன். கொரினுக்குத் தெரிந்தால் வீணாகக் கலங்குவாள். அக்காவுக்கு அவளைச் சரியாகப் புரட்டிப் படுக்கவைக்கக்கூடத் தெரியாது.

எட்டு மாதமாக அவள் மேலே பார்த்தபடியே யோசித்தாளாம். அன்று மற்றவர்கள் கையில் மஞ்சள் தாள் இருந்ததும், தன் கையில் ரோஜா நிறம் இருந்ததும் ஞாபகம் வந்ததாம். நான் கடைக்குப் போயிருந்தபோது, காலையில் வரும் நர்ஸைப் போலீஸுக்கு டயல் செய்யச் சொல்லி, ரிசீவரைக் காதில் பிடிக்கச் சொல்லி, உங்களிடம் அவளே பேசினாளாம். இப்படித்தான் சொல்கிறீர்கள்.

மற்றதையெல்லாம் ஒப்புக்கொள்கிறேன், சார், கையெழுத்தும் போடுகிறேன். இதை மட்டும் நான் நம்ப மாட்டேன். என்னை ஒரு வார்த்தை கேட்காமல் கொரின் எதுவும் செய்ய மாட்டாள்.