மாப்பிள்ளைக்கு வைத்த சூப்

வெங்காயம் நறுக்கினா எனக்குக் கண்ணுல தண்ணி வராது, டாக்டரம்மா. பழகிப்போச்சு. ஆபீஸ் கேன்டீன்ல காலையில போனதும் முதல் வேலையே அதுதான். மூட்டையை அவிழ்த்து, உரிச்சு, நறுக்கி, பெரிய சட்டியில பொன்னிறமா வதக்கணும். மத்தவங்க மூக்கை உறிஞ்சிக்கிட்டே நறுக்குவாங்க. நான் ஊர்க்கதை பேசிக்கிட்டே நறுக்குவேன்.

நீங்க தம்பிகிட்டப் பேசறதுக்கு முன்னாடி உங்களைப் பாத்துடணும்னுதான் வந்தேன். நேத்து என்கிட்ட என்ன சொன்னீங்க? ஒரு டப்பா குழந்தை உணவுல அந்த நாய் செத்திருக்காது, ரத்தம் ரொம்ப நாளாவே கெட்டுக்கிட்டு வந்திருக்கு, உங்க தம்பி மேல தப்பில்லேன்னு நானே அவர்கிட்ட சொல்றேன்னீங்க. நல்ல மனசு உங்களுக்கு. ஆனா அதை அவன்கிட்ட சொல்லக் கூடாது. ஏன்னு சொல்றேன், பொறுமையாக் கேளுங்க.

நாய்க்கு மாப்பிள்ளைன்னு பேர் வச்சது நான்தான். தட்டு வைக்கிறதுக்கு முன்னாடியே வந்து ஜம்முனு உட்காந்துக்கும். வச்சது பிடிக்கலேன்னா முகத்தைத் திருப்பிக்கும், நாம போய்க் கெஞ்சணும். தம்பி அதை மழையில நனைஞ்ச குட்டியா சட்டைக்குள்ள போட்டு எடுத்துட்டு வந்தான். எனக்கும் அது மேல பிரியம்தான். அதுல சந்தேகமே வேண்டாம்.

தம்பியை நான்தான் வளர்த்தேன். அப்பா அம்மா அடுத்தடுத்துப் போனப்ப அவனுக்குப் பால்பல்கூட முழுசா விழலை. என்னைக் கட்டிக்கிறேன்னு ஒருத்தர் வந்தார். பையனை விடுதியில சேத்துடலாமேன்னார். காப்பி குடுத்து அனுப்பிட்டேன். அதைத் தியாகம் அது இதுன்னு சொல்லிக்க மாட்டேன். எனக்கு அவன் போதும்னு இருந்துச்சு, அவ்வளவுதான்.

அவன் சம்பாதிக்க ஆரம்பிச்சதும் வீடு வேற மாதிரி ஆயிடுச்சு. வாசல்ல செருப்பைக் கழட்டும்போதே "சாப்டாச்சுக்கா"ம்பான். நான் மூடி வச்ச சோறு அப்படியே இருக்கும். கையில போன், காதுல போன். வீட்டுல பேச்சுன்னா அது மாப்பிள்ளைகிட்டதான். அப்புறம் ஒருநாள், வேற ஊர்ல பெரிய பதவி குடுத்திருக்காங்க, வீடும் தர்றாங்க, நாய் ஓடியாட இடமும் இருக்குன்னு வந்து நின்னான். மாப்பிள்ளையைக் கூட்டிட்டுப் போறானாம். நீயும் அப்புறமா வரலாம்க்கான்னான். அப்புறமான்னா என்ன அர்த்தம்னு எனக்குத் தெரியாதா?

முதல் தடவை நடந்தது சத்தியமாத் தெரியாம நடந்தது. கேன்டீன்ல மிஞ்சின சூப்பைக் கொண்டுவந்து சூடு பண்ணினேன். தம்பி ஒரு கிண்ணம் குடிச்சான். மிச்சத்தை ரொட்டியில ஊத்தி மாப்பிள்ளைக்கு வச்சேன். ஒரே சட்டி. தம்பிக்கு ஒரு ஏப்பம் வந்ததோட சரி. மாப்பிள்ளை ரெண்டு மூணு நாள்ல சுருண்டு படுத்துடுச்சு. அப்பதான் முதல்முதலா உங்ககிட்ட தூக்கிட்டு வந்தோம். அதோட உதட்டைத் தூக்கி, ஈறு வெளுத்திருக்கிறதைக் காட்டினீங்க. வெங்காயம், பூண்டு, பச்சையோ வதக்கினதோ பொடியோ எதுவும் ஆகாது, திராட்சை ஆகாது, சாக்லேட் ஆகாது, நம்ம வயித்துல சாப்பாடா இருக்கிறது அதுங்களுக்கு விஷமாயிடும்னீங்க. என்னைத் திட்டவே இல்லை. தெரியாமப் பண்ணதும்மா, வருத்தப்படாதீங்கன்னு தோளைத் தொட்டீங்க.

தம்பி லீவு போட்டான். ஊருக்குப் போறதைத் தள்ளிப்போட்டான். அடுப்படிச் சுவத்துல சாஞ்சு, மாப்பிள்ளை தலையை மடியில வச்சுக்கிட்டு உட்காந்திருப்பான். நான் சமைச்சுக்கிட்டிருப்பேன். பள்ளிக்கூடத்துல வாத்தியார் நாற்காலியில கோந்து தடவின கதையெல்லாம் சொல்லிச் சிரிச்சான். போட்டதைச் சாப்பிட்டான், இன்னும் கொஞ்சம் போடுக்கான்னான். எத்தனையோ வருஷம் கழிச்சு நான் சந்தோஷமா இருந்தேன், டாக்டரம்மா. நாய் நோவுல கிடக்கும்போது இப்படிச் சொல்லக் கூடாதுதான். ஆனா இருந்தேன்.

மாப்பிள்ளை தேறுச்சு. உடனே அவன் பரண்ல இருந்து பெட்டியை இறக்கினான்.

வீட்டுல இருந்த வெங்காயம் பூண்டு அத்தனையையும் அவன் அள்ளிக் குப்பையில போட்டிருந்தான். தானும் சாப்பிட மாட்டேன்னு விட்டுட்டான். இனி இந்த வீட்டுக்குள்ள அது வரவே கூடாதுக்கான்னான். சரின்னேன். வெங்காயமே இல்லாம சமைக்கவும் கத்துக்கிட்டேன். கேன்டீன்லதான் மூட்டை மூட்டையா இருக்கே. என் டிபன் டப்பாவுல கொஞ்சம் வந்தா யாருக்குத் தெரியும்? என் கையில வாசனை வந்தாலும் கேன்டீன்காரி கையில அது இருக்கத்தானே செய்யும்.

என்னைக் கல்நெஞ்சக்காரின்னு நினைக்காதீங்க. அது துடிக்கிற அளவுக்கு நான் குடுத்ததே இல்லை. சும்மா சோர்ந்து படுக்கிற அளவுதான். அவன் கிளம்பத் தேதி குறிச்சா ஒரு கிண்ணம் சூப். தேதி தள்ளிப்போனதும் நிறுத்திடுவேன். ஈரத்துணியால வாயைத் துடைச்சு விட்டதெல்லாம் நான்தான். அது என் கையை நக்கும். வெளியில எங்கயாவது குப்பையில வாய் வைக்குதான்னு கேட்டீங்க. இல்லேன்னேன். அதுல பொய் ஒண்ணும் இல்லை.

கடைசியில அவன் ஆபீஸ்ல கண்டிப்பாச் சொல்லிட்டாங்க. இந்த வாரம் வந்து சேரலேன்னா பதவி வேற ஆளுக்குன்னு. நோயோ நொடியோ, மாப்பிள்ளையைத் தூக்கிட்டே போயிடறேன்னு டிக்கெட் எடுத்துட்டான். அதனால கொஞ்சம் கூடுதலா வச்சேன். இங்கதான் நான் தப்புப் பண்ணிட்டேன், ஒத்துக்கறேன். அதோட உடம்புல அதுக்கு முன்னாடியே ரத்தம் குறைஞ்சிருந்ததை நான் யோசிக்கலை. தெம்பா இருக்கிற நாய்க்குப் போடற மாதிரி போட்டுட்டேன்.

அது சாப்பாட்டையே விட்டுடுச்சு. தம்பி கடைக்கு ஓடிப்போய், குழந்தைங்களுக்குக் குடுக்கிற கறிக்கூழ் ஒரு டப்பா வாங்கிட்டு வந்தான். விரல்ல தொட்டுத் தொட்டு ஊட்டினான். அவனுக்காகக் கொஞ்சம் நக்குச்சு. மறுநாள் மத்தியானம் அவன் மடியிலேயே போயிடுச்சு.

அவன் அழுதுக்கிட்டே ஒரே கேள்வியைக் கேட்டுக்கிட்டிருந்தான். எப்படிக்கா, எப்படிக்கான்னு. வீட்டுல ஒண்ணுமே இல்லையேக்கான்னு. பதில் கிடைக்கலேன்னா இந்தப் பிள்ளைக்குப் பைத்தியம் பிடிச்சுடும்னு எனக்குப் பயமாயிடுச்சு. டப்பாவைக் கழுவிப் போடலாம்னு எடுத்தேன். பின்னாடி பொடி எழுத்துல வெங்காயப் பொடின்னு போட்டிருந்துச்சு. அப்படியே தூக்கிப் போட்டிருக்கலாம். போடலை. அவன் முன்னாடி கொண்டுபோய் வச்சேன்.

"இதைப் படிச்சியாப்பா?"ன்னேன். அது ஒண்ணுதான் கேட்டேன்.

படிச்சான். திரும்பத் திரும்பப் படிச்சான். "அப்போ நான்தான் கொன்னுட்டேனாக்கா?"ன்னான்.

அவன் தலையை நெஞ்சோட சேத்துக்கிட்டு, தெரியாமப் பண்ணதுப்பா, வருத்தப்படாதேன்னேன். வேற என்ன சொல்ல முடியும்?

அன்னையிலிருந்து அவன் எங்கயும் போகலை. வேலையை வேற ஆளுக்குக் குடுத்துட்டாங்க. போனை எங்க வச்சான்னு அவனுக்கே தெரியாது. மாப்பிள்ளை படுத்த சாக்கு மேலயே படுத்துக் கிடக்கறான். அவனா எடுத்துச் சாப்பிடறதில்லை. நான் பிசைஞ்சு ஊட்டினா ரெண்டு வாய் இறங்குது. இளைச்சுட்டான், பாக்கவே பாவமா இருக்கு. கேன்டீன்ல சொல்லிட்டு நானும் வீட்டோட இருக்கேன். நேத்து ஊட்டி முடிச்சு எழுந்திரிக்கறப்ப, என் கையைப் பிடிச்சுக்கிட்டு, நீ இல்லேன்னா நான் என்னக்கா பண்ணுவேன்னான். சின்னதுல இருட்டைக் கண்டு பயந்தப்ப சொன்னது. அதுக்கப்புறம் நேத்துதான் சொன்னான்.

அதனாலதான் கேட்டுக்கறேன். அவன் மேல தப்பில்லேன்னு நீங்க நல்லெண்ணத்துல சொல்லுவீங்க. அப்போ யார் மேலன்னு கேப்பான். நீங்க பொய் சொல்றவங்க இல்லை. எனக்காக நான் பயப்படலை, என்னை எங்க கூட்டிட்டுப் போனாலும் வர்றேன். அவன் முகத்தை நினைச்சுப் பாருங்க. நாய் போச்சு, வேலை போச்சு, சாப்பாடு தூக்கம் போச்சு. இதுல என்னையும் அவன்கிட்ட இருந்து பிரிச்சுட்டீங்கன்னா, அந்தப் பிள்ளைக்கு வேற யாரு இருக்கா, நீங்களே சொல்லுங்க.