மூன்று குழந்தைகளாம்

என் கையெழுத்து நன்றாக இருக்கும், ஐயா. உங்கள் எழுத்தர் என் வாக்குமூலத்தின் முதல் பத்தியிலேயே இரண்டு ஒற்றுகளை விழுங்கிவிட்டார். தாளைக் கொடுத்தால் நானே எழுதித் தருகிறேன்.

பதினோரு ஆண்டுகள் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்தினேன். பிறகு நகரமன்றத் தேர்தலில் நின்ற மரக்கடைக்காரரிடம் பிரச்சாரம் எழுதிக் கொடுக்கச் சேர்ந்தேன். அவருக்குப் பேச வராது. எதிர்த்து நின்றவர் எங்கள் பகுதித் தனியார் மருத்துவமனையின் நர்ஸ். முப்பது வருடமாகக் குழந்தைகளுக்கு ஊசி போடுகிறவர். பாதி வாக்காளர்களை இடுப்பில் துணியில்லாமல் பார்த்தவர்.

"ஏதாவது பண்ணுப்பா. அந்தம்மாவுக்கு ஊரே கும்பிடு போடுது," என்றார் மரக்கடைக்காரர்.

"கும்பிடுற கைதாண்ணே கல்லும் எடுக்கும்," என்றேன்.

நான் எழுதியது ஒரே வரி. 'காலாவதியான ஊசி போட்டதில் மூன்று குழந்தைகள் இறந்துவிட்டனவாம்.' கடைசியில் இருக்கும் அந்த 'ஆம்'தான் என் தொழில். அது இருக்கும்வரை நான் எதையும் சொல்லவில்லை. யாரோ சொன்னதைச் சொல்கிறேன். கைமாறும்போது முதலில் உதிர்வதும் அதுதான். மூன்றாவது கைக்குப் போனபோதே 'இறந்துவிட்டன' என்று ஆகிவிட்டது. மாலைக்குள் ஒருவர் அந்தக் குழந்தைகளின் இறுதி ஊர்வலத்துக்கே போய் வந்திருந்தார். மூன்று பெற்றோர் எங்கே என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. இவர்களுக்குத்தான் வாக்குரிமை.

எதையும் ஊருக்குள் விடும் முன் வேறொரு எண்ணிலிருந்து அக்காவுக்கு அனுப்பிப் பார்ப்பேன். அரை மணிக்குள் என்னை அழைத்து அதையே எனக்குச் சொன்னால், சரக்கு தயார். இந்த முறை நான்கு நிமிடம்.

"பேருக்குத்தான் பேப்பர் படிக்கிறவன். அந்த நர்ஸம்மா கதை தெரியுமாடா உனக்கு?"

"யாருக்கா சொன்னா?"

"எல்லாரும்தான் சொல்றாங்க. நெருப்பில்லாம புகையுமா? நல்லவேளை, பாப்பாவுக்குத் திங்கக்கிழமைதான் ஊசி. அந்தப் பக்கமே தலை வச்சுப் படுக்க மாட்டேன்."

பாப்பா அக்காவின் மகள், ஒன்பது மாதம். போட வேண்டியது தட்டம்மை ஊசி. அந்தச் செய்தி பொய் என்று அக்காவிடம் நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அதன்பிறகு அவள் எதற்கும் பயன்பட்டிருக்க மாட்டாள்.

மூன்று வாரம் கழித்துப் பாப்பாவுக்குக் காய்ச்சல். உடம்பெல்லாம் சிவப்புத் தடிப்பு. மூச்சு இழுத்தது.

"பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக ரெண்டு மணி நேரம் ஆகும்டா தம்பி. இங்கயே, அந்தம்மாகிட்டயே காட்டிடட்டுமா? நீ ஒரு வார்த்தை சொல்லு."

வாக்குப்பதிவுக்கு நான்கு நாள் இருந்தது. என் அக்கா அந்த வாசலில் போய் நின்றால் தெருவே பார்க்கும்.

"உன் இஷ்டம்க்கா," என்றேன். "ஆனா ஊரே ஒண்ணு சொல்லுதே."

பாதி வழியில், பேருந்திலேயே முடிந்துவிட்டது.

அன்று மாலை நான்காவது குழந்தையைப் பற்றி எழுதினேன். படம் என் கைப்பேசியிலேயே இருந்தது. இரண்டு பல் தெரியச் சிரிக்கும் படம். அந்த வரியில் மட்டும் 'ஆம்' சேர்க்கவில்லை. குழந்தை இறந்தது உண்மைதானே. ஊசியைப் பற்றி அதில் ஒரு சொல்லும் கிடையாது. மேலே நர்ஸின் படத்தை வைத்தேன், கீழே பாப்பாவின் படத்தை. மீதியை ஊர் பார்த்துக்கொண்டது. அக்காவுக்கும் அது போய்ச் சேர்ந்திருக்கிறது. தன் மகளுக்கு ஊசியே போடவில்லை என்பது அவளுக்குத் தெரியும். இருந்தும், மருந்து அந்த நர்ஸின் கையிலிருந்து காற்றில் பரவியது என்று பக்கத்து வீட்டுக்காரி சொன்னதை நம்பினாள்.

மரக்கடைக்காரர் ஜெயித்தார். முடிவு வந்த பிற்பகலில் நர்ஸின் வீட்டு வாசலில் கூட்டம் கூடியது. கல் எறிந்தவர்கள் பலர். அவர் தலையில் பட்டது ஒன்றுதான், அதை எறிந்தது என் அக்கா என்கிறீர்கள். இருக்கலாம். நான் அங்கே இல்லை. கையால் யாரையும் தொட்டதில்லை நான். ஆனால் நர்ஸ், பாப்பா, இரண்டு சாவுக்கும் காரணம் நான் எழுதிய வரிதான் என்று ஒப்புக்கொள்கிறேன். கையொப்பமும் இடுகிறேன்.

ஒரே ஒரு வேண்டுகோள். அக்காவைப் பக்கத்து அறையில்தான் உட்கார வைத்திருக்கிறீர்கள். இந்தத் தாளை அவளிடம் காட்ட வேண்டாம், ஐயா. பாவம், யார் எதை எழுதிக் கொடுத்தாலும் அப்படியே நம்பிவிடுவாள்.