ஆவுடையப்பன் ஒட்டிய அழுகைப் படம்

அந்தக் காலத்துல, நம்ம ஊருக்கு பஸ்ஸே வராத காலத்துல, ஆவுடையப்பன்னு ஒரு மனுசன் டீக்கடை வச்சிருந்தாராம். நமக்குப் பூட்டன் முறை. சிரிக்காதிய, கேளுங்க.

அவருக்கு ஒரு கிறுக்கு. வடை மடிக்க வார பழைய பேப்பர்ல நல்லதக் கண்டா விடமாட்டாரு. சித்திரமா, வெட்டு. போட்டாவா, வெட்டு. பாட்டுல நாலு வரியா, பஞ்சம் பட்டினின்னு சேதியா, அதையும் வெட்டு. மைதாப் பசை காய்ச்சிப் பெரிய நோட்டுல ஒட்டிருவாராம். ஊரே வந்து பாக்குமாம். "ஏயப்பா, ஆவுடைக்கு என்னா மனசு!"ம்பாகளாம். அந்தப் பேச்சுல ஆளு சொக்கிப்போவாரு.

அதுல ஒரு போட்டா. கல்குவாரி சரிஞ்சு செத்த புருசன் மேல விழுந்து ஒருத்தி தலைவிரி கோலமாக் கதறுதா. அதக் காட்டும்போதெல்லாம் இவரு துண்டால கண்ணத் தொடைச்சிக்கிடுவாராம்.

ஒருநா காலையில, சந்தைக்குப் போகக் கடைய விட்டு எறங்குதாரு. எதுக்க ஒரு பொம்பள, தண்ணிக் குடத்தோட. தாலி அறுத்தவ, அண்ணன் வீட்டுல வந்து ஒண்டிக் கெடந்தவ. "சீ, கெளம்பும்போதே மூதேவி"ன்னு மூஞ்சத் திருப்பிக்கிட்டு உள்ள போயிட்டாராம். அப்பம்லாம் ஊரே அப்படித்தான். பாழாப்போன வழக்கம்.

அன்னைக்கு அவ ஒதுங்கிப் போகல. குடத்த எறக்கி வச்சிட்டு நேரா கடைக்குள்ள வந்துட்டா.

"அண்ணாச்சி, அந்த நோட்டக் காட்டுங்க."

புரட்டினா. அந்தப் போட்டா மேல வெரல வச்சா.

"இவளுக்காக அழுவீகளாமே?"

"ஆமா. பாவம்லா."

"அவ தெனமும் ஒங்க வாசல் வழியாத்தான் தண்ணிக்குப் போறா, அண்ணாச்சி. நான்தான் அது."

ஆவுடையப்பன் படத்தப் பாத்தாரு, அவளப் பாத்தாரு. அதே கண்ணு. அவ மூஞ்ச அன்னைக்குத்தான் மொதமொதலாப் பாக்காரு! வெக்கத்துல அந்தப் பக்கத்தப் புடிச்சாராம்.

"கிழிச்சிருதேன் தாயி."

"கிழிக்காண்டாம். கீழ என் பேர எழுதுங்க."

பேனாவ எடுத்தாரு. பேரு தெரியல. கடையில இருந்தவங்களப் பாத்தாரு. அவனுகளுக்கும் தெரியல, தலையத் தொங்கப்போட்டுக்கிட்டானுக.

"ஒம் பேரு என்ன தாயி?"ன்னு கடைசியில கேட்டாராம், நிமிராம.

"பூரணம்"னாளாம்.

அதுக்கப்புறம் சாகுற வரைக்கும் அவரு அந்த நோட்ட யாருக்கும் காட்டலையாம். எங்க காட்ட!

அந்தக் கடை இருந்த எடத்தத்தான் 'பேர் கேட்ட முக்கு'ங்குதோம். கல்யாணப் பத்திரிகை வைக்கக் கெளம்பினாலும் சரி, புருசன் இல்லாத பொம்பள எதுக்க வந்தா, நின்னு பேரச் சொல்லி விசாரிச்சிட்டுத்தான் போகணும். பேரு தெரியாதவன் அன்னைக்கு நல்ல காரியத்துக்குப் போகக்கூடாது, திரும்பி வீட்டுக்கு வந்துரணும்.