இயல்பு என்று எழுதிய குழாய்

— வாய்ப்பே இல்ல அண்ணே. குழாயை மாத்தி வச்சிருப்பீங்க.

— கோவிச்சுக்காதீங்க டாக்டரம்மா. இருபது வருஷமா இந்த ஆய்வுக்கூடத்துல லேபிள் ஒட்டி மெஷின்ல ஏத்துறவன் நான். மூணு தடவை ஓட்டியாச்சு. நீங்களே பாருங்க.

— தீயணைப்பு வீரங்க பன்னெண்டு பேர் ரத்தமும் நாம எதிர்பார்த்த மாதிரியே இருக்கே. நெருப்புக்குள்ள போய் வந்த உடம்பு. ஆபத்துன்னு தெரிஞ்சா ரத்தச் செல்லு, வீக்கத்துக்கான மரபணுவை எழுப்பி விட்டுடும், கிருமியை விரட்டுற மரபணுவைத் தூங்க வச்சிடும்.

— அதே கூத்துதான் ‘இயல்பு’ன்னு எழுதின குழாய்லயும் நடக்குது. அவங்களைவிட ஒரு படி மேல.

— ஒப்பிட்டுப் பாக்குற குழாயே கோணல்னா எட்டு மாச வேலையும் குப்பை. திங்கக்கிழமை அறிக்கை கொடுக்கணும்.

— கோவிச்சுக்காதீங்க, அது யாரு ரத்தம்? ஏதாவது சீக்கா இருக்கும்.

— ஒரு சீக்கும் கிடையாது. நேரத்துக்குச் சாப்பாடு, நேரத்துக்குத் தூக்கம்.

— கூடவே இருந்து பாத்த மாதிரி சொல்றீங்க?

— நான்தான் அண்ணே அது. ஆள் தேடி அலைய முடியல. எனக்கென்ன குறைன்னு ஒவ்வொரு தடவையும் என் ரத்தத்தையே எடுத்து வச்சேன்.

— அடப்பாவமே! உங்களுக்கு எந்த நெருப்பும்மா? வீடு அமைதியா இருக்கும்னு சொல்வீங்களே.

— அமைதிதான். காலையில வச்ச டம்ளர் சாயங்காலமும் வச்ச இடத்துலயே இருக்கும்.

— சார் வெளியூர் போயிருக்கார்னு...

— போனவர் போனவர்தான். ரெண்டு வருஷமாச்சு.

— எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே.

— விடுங்க. மெஷின் சரியான்னு பாக்க வேற ஒருத்தர் ரத்தம் வேணும், இப்பவே.

— என்னோடதை எடுங்க. வீட்டுல ஏழு பேரு, ஒரே குளியலறை. சண்டைக்குப் பஞ்சமில்ல. ஆனா தனியா உக்காந்து அழணும்னா இடம் கிடைக்காது.

— உக்காருங்க. சட்டைக் கையை மடிச்சு விடுங்க.

— குத்தினதே தெரியல! கைராசிக்காரங்கதான். ஆமா, கையுறை போட மறந்துட்டீங்களே?

— ம்.

— குழாய் நிறைஞ்சாச்சு, பஞ்சும் வச்சாச்சு. கையை எடுத்துக்கட்டுமா டாக்டரம்மா?

— கொஞ்ச நேரம் இருக்கட்டும் அண்ணே. ரெண்டு வருஷத்துல கையுறை இல்லாம நான் தொட்ட முதல் கை இது.