ஓடைக்குத் திருப்பிய மழை

ஜன்னலைச் சாத்திவிடலாமா, சார்? மழைச் சத்தத்தில் என் குரல் கேட்காது. சின்ன வயதிலிருந்தே மெல்லிய குரல். அதிகம் பேசவும் வராது. கேட்டதற்கு மட்டும் சொல்கிறேன்.

ரிசார்ட் கட்டிய அந்தச் சரிவு முன்பு காப்பித் தோட்டம். மேலே சில்வர் ஓக் நிழல், கீழே காப்பிச் செடி, அதற்கும் கீழே கணுக்கால் புதையும் சருகு. அங்கே பெய்யும் மழை இலையில் தங்கி, சருகில் சொட்டி, மெதுவாக மண்ணுக்குள் இறங்கிவிடும். மேலாக ஓடி வருவது கொஞ்சம்தான். மரத்தை வெட்டி, ஜேசிபி ஓட்டி மண்ணை இறுக்கி, காங்கிரீட் பாதை போட்டால் அதே மழைக்கு உள்ளே போக வழியில்லை. மொத்தமும் ஒரே நேரத்தில் கீழே வந்து சேரும். கல்லூரியில் இதைத்தான் படித்தேன். என்னை வேலைக்கு எடுத்ததும் இதற்காகத்தான்.

அதனால் சரிவின் அடியில் ஒரு குளம் வரைந்திருந்தேன். வரும் வெள்ளத்தைப் பிடித்து வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவதற்கு. மேனேஜர் லோகேஷ் வரைபடத்தைப் பார்த்துச் சிரித்தார்.

"ஓனரு அந்த எடத்துல கல்யாணம் நடத்தப் புல்தரை கேக்கறாரு. நீ என்னம்மா, எருமை குளிப்பாட்டக் குளம் வெட்டற? தண்ணியை வேற பக்கம் தள்ளி உடு."

மறுத்துப் பேசக் கூச்சமாக இருந்தது. தண்ணீர் போக இரண்டு பக்கம்தான் உண்டு. இடது பக்கம் வெள்ளக்கடை ரோடு. பஸ் போகும், பைக் போகும். வலது பக்கம் ஓடை. அதன் கரையில் ஒரே ஒரு வீடு. எதில் சேதம் குறைவு என்று யாரும் சொல்லிவிடலாம். வலது பக்கம் பென்சிலால் கோடு போட்டுக் காட்டினேன். கால்வாய் அப்படியே வெட்டப்பட்டது. இடது பக்கம் விட்டிருந்தால் ரிசார்ட்டின் புது கேட்டும் போயிருக்கும். அதை நான் நினைக்கவே இல்லை என்று சொல்ல மாட்டேன்.

அந்த வீடு குப்பாயியுடையது. எங்களுக்கு மதியச் சாப்பாடு சமைத்துப் போட்டவர். ஐப்பசி மழை பிடித்தால் அவரும் கணவர் சித்தனும் வீட்டைப் பூட்டி, ஆடுகளை ஓட்டிக்கொண்டு, மேட்டிலுள்ள குப்பாயியின் தம்பி மாதேஷ் வீட்டுக்குப் போய்விடுவார்கள். ஓடை அடங்கிய பிறகுதான் இறங்குவார்கள். எந்த வருடமும் தண்ணீர் வாசலைத் தாண்டியதில்லை. இருந்தாலும் போவார்கள்.

இந்த வருடம் பிரசவத்துக்கு வந்த மகள் மேனகா கைக்குழந்தையோடு இருந்தாள். மழை வலுத்த அன்று சாயங்காலம் குப்பாயி குடையோடு ஆபீசுக்கு வந்தார்.

"ஏங்கண்ணு, நீ தண்ணியப் பத்திப் படிச்ச புள்ளை. இந்த வருசம் ஊட்டுக்குத் தண்ணி வருமா? வராதுன்னா இங்கயே கெடந்துக்கறோம். பச்சப் புள்ளையத் தூக்கிட்டுப் போயி மாதேசு பொண்டாட்டி மூஞ்சியப் பாக்கோணும்னா நொம்பச் சங்கடமா இருக்குது."

நான் மேசை மேலிருந்த வரைபடத்தைச் சுருட்டினேன்.

"வாயில கொழுக்கட்டையா வெச்சிருக்கற? சொல்லு சாமி."

வரும் என்றால் எப்படித் தெரியும் என்று கேட்பார். கால்வாயைச் சொல்ல வேண்டும். குளத்தைச் சொல்ல வேண்டும். அவர் ஊரான செம்மநத்தத்து ஆட்களெல்லாம் வந்து நிற்பார்கள். அத்தனை பேர் முன்னால் நான் பேச வேண்டியிருக்கும். மண் ஏற்கெனவே முழுதாக ஊறிக் கிடந்தது. இனிப் பெய்வது எங்கே போகும், எவ்வளவு போகும் என்று எனக்குத் தெரியும்.

விடியற்காலையில் வந்தது. முதலில் ஆட்டுக் கொட்டகை போனதாம், பிறகு வீடு. குப்பாயி, சித்தன், மேனகா மூவரின் உடல்களும் கிடைத்துவிட்டன. குழந்தையை இன்னும் தேடுகிறீர்கள். தண்ணீர் வந்த வேகத்தை வைத்துப் பார்த்தால் எந்தத் திருப்பத்தில் தேட வேண்டும் என்று என்னால் சொல்ல முடியும். யாரும் கேட்கவில்லை.

பொய் சொன்னேன் என்று மட்டும் எழுதிக்கொள்ளாதீர்கள், சார். நான் அதிகம் பேசுகிறவள் இல்லை. அன்று குப்பாயியிடமும் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னேன்.

"வராதுங்க."