சீராக வந்த மட்டி

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பேர்: சிதம்பரம் பக்கம் கடலோரக் கிள்ளையிலிருந்து ஒரு மீனவர், கடலூரில் இருக்கும் அவர் மச்சான். கிள்ளைக்காரர் திடீரென்று, “ஒங்க அக்காவுக்குச் சீர் வந்து சேந்துடுச்சி மச்சான்” என்றார்.

கடலூர்க்காரர் விழித்தார். “நாங்க ஒண்ணும் அனுப்பலியே மாமா.”

“ஒங்க ஊரு பாலத்துத் தூணுல அப்பிக்கிட்டு இருந்துச்சே, வெளிநாட்டுக் கருப்பு மட்டி, அதான். இப்ப எங்க படகு, கயிறு எதையும் வுடல. எறா மேயுற சேத்தையே மூடிடுச்சி.”

“அவ்ளோ தூரம் எப்படி வந்துச்சி?”

“அதோட குஞ்சு கண்ணுக்கே தெரியாதாம். கார்த்திகையில தண்ணி தெக்க ஓடுச்சில்ல, அதோட மெதந்து வந்துடுச்சி. கையக் கிழிக்குதுன்னு ஒங்க அக்காகிட்ட சொன்னா, ‘எங்க வூட்லேர்ந்து வந்தத கொற சொல்லாத’ங்கறா.”

கடலூர்க்காரர் சிரிக்க ஆரம்பித்தார். கண்டக்டர் திரும்பிப் பார்க்கும்வரை நிறுத்தவில்லை.

“சிரி மச்சான். பங்குனியில தண்ணி வடக்க திரும்பும். பொறந்த வூட்டுக்கு வரும் பாரு, புள்ளகுட்டியோட.”