துர்காதேவிக்குச் செய்துகொடுத்த ஃபைல்

கருப்புத் திரையில் பளீர் வெள்ளை எழுத்து கண்ணுக்கு ஆகாது என்பது என் பல வருடக் கருத்து. அந்த வெள்ளையைக் கொஞ்சம் மங்கவைத்து, வடித்த கஞ்சியின் நிறத்துக்குக் கொண்டுவந்துவிட்டால் எட்டு மணி நேரம் பார்த்தாலும் அலுக்காது. உங்கள் கம்ப்யூட்டரையும் அப்படி மாற்றித் தருகிறேன் என்று உள்ளே வந்ததும் சொன்னேன். நீங்கள் சிரிக்கவில்லை. "நடந்ததை உங்க கையாலயே எழுதிக் குடுங்க, பாக்கியராஜ்" என்று பேப்பரை நீட்டினீர்கள். சரி, ஹெலன் மேடம். எழுதுவதில் எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை.

நீங்கள் எச்.ஆர். என்பதால் எங்கள் கலவைக் கூடத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். நம் கம்பெனி செய்யும் ஒவ்வொரு பெயிண்டு நிறத்துக்கும் ஒரு ஃபைல் உண்டு. என்ன பொருள், எத்தனை கிலோ என்று வரிக்கு ஒன்றாக எழுதியிருக்கும். கலக்கும் மிஷின் அதை மேலிருந்து கீழாகப் படித்து அப்படியே ஊற்றும். கடைசி வரி எப்போதும் டப்பாவுக்குள் பெயிண்டு கெட்டுப்போகாமல் இருக்கப் போடும் மருந்து. இந்த ஃபைல்களைத் திருத்துவதற்கு ஒரு எடிட்டர் இருக்கிறது. அதற்கு மவுஸ் கிடையாது, படம் கிடையாது, எல்லாமே கீபோர்டுதான். திறக்கும்போதெல்லாம் அது முதலில் ஒரு சின்ன ஃபைலைப் படித்துக்கொள்ளும். அதுதான் கான்ஃபிக் ஃபைல். எந்த நிறத்தில் தெரிய வேண்டும், எந்தப் பொத்தானைத் தட்டினால் என்ன நடக்க வேண்டும் என்று அதில் நாம் எழுதிவைத்தால் எடிட்டர் மறுபேச்சில்லாமல் கேட்கும். என் வாழ்க்கையில் நான் சொன்னதை முழுதாகக் கேட்ட ஒரே ஜீவன் அதுதான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

என்னுடைய கான்ஃபிக் ஃபைல் ஆயிரத்து நூற்று நாற்பது வரி. பதினான்கு வருட உழைப்பு. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் எத்தனையோ கம்பெனி இருக்கிறது. இப்படி ஒரு ஃபைல் எங்கேயும் இருக்காது என்று தைரியமாகச் சொல்வேன். ஆனால் யாருக்கு அருமை தெரிகிறது? ஷிப்ட் இன்சார்ஜ் பரசுராமன் பின்னால் வந்து நின்றுகொண்டு, "இன்னா பாக்கியா, இன்னும் சிங்காரிச்சுகினு கீறியா?" என்பார். பொன்னேரியில் என் மனைவி பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்வாள்: "ஊட்ல ஃபேனு மூணு மாசமா ஓடல. இவரு கம்ப்யூட்டருக்குப் பொட்டு வெச்சுகினு கீறாரு." நானும் சேர்ந்து சிரித்துவிடுவேன். சிரித்துச் சிரித்தே முதல் பதினோரு வருடம் போய்விட்டது.

அப்போதுதான் துர்காதேவி வேலைக்குச் சேர்ந்தார். கவரைப்பேட்டையில் தனியாக வீடு எடுத்து இருந்தார். கணவர் குணாளனுக்கு நாயுடுபேட்டையில் வேலை. அங்கே நாத்தனார் பார்த்துக்கொள்கிறார் என்பதால் ஏழு வயது மகள் பூமிகாவும் அப்பாவோடுதான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ரயிலேறிப் போய்ப் பார்த்துவிட்டு வருவார். "எம் பொண்ணு அப்பாவ நைனான்றா அண்ணா. போனா போகுது. என்னை ஆன்ட்டின்னு கூப்பிடாம இருந்தா சரி" என்று சிரிப்பார். வேலையில் என்னைவிடக் கெட்டிக்காரர். இதை எழுதுவதில் எனக்கு வெட்கமில்லை.

வந்த இரண்டாவது வாரம் என் திரையை எட்டிப் பார்த்தார். "அண்ணா, உங்க ஸ்கிரீன் மட்டும் இன்னாண்ணா இவ்ளோ அழகா கீது? எனக்கும் இதே மாதிரி செஞ்சு குடுங்களேன்" என்றார்.

மேடம், பதினோரு வருடத்தில் அப்படிக் கேட்ட முதல் ஆள். எனக்குத் தலைகால் புரியவில்லை. இரண்டு வார விடுமுறை நாட்களை அதற்கே செலவழித்தேன். அவருக்குப் பச்சை பிடிக்கும் என்பதால் எண்களை இளம்பச்சையாக்கினேன். அளவுக்கு மீறி கிலோ போட்டால் அந்த வரி சிவக்கும்படி செய்தேன். ஒரே பொத்தானைத் தட்டினால் ஃபைல் சேவ் ஆகி மூடிக்கொள்ளும். காலையில் திறந்ததும் "வாங்க துர்கா" என்று மேலே ஒரு வரி வரும். அதைப் பார்த்து அவர் கைதட்டிச் சிரித்தது இன்னும் என் காதில் இருக்கிறது. தினமும் டீ வேளையில் நாங்கள் கான்ஃபிக் பற்றித்தான் பேசுவோம். தப்பான எண்ணம் எதுவும் எனக்குக் கிடையாது என்பதை இங்கேயே எழுதிவிடுகிறேன். அவர் என்னை அண்ணா என்றார், நான் அண்ணனாகத்தான் இருந்தேன்.

ஒன்றரை வருடம் கழித்து நாயுடுபேட்டையில் நம் கம்பெனியின் புது பிளான்ட் வந்தது. கலவைப் பிரிவுக்கு இன்சார்ஜ் வேண்டும் என்றார்கள், துர்காதேவியின் பெயரும் வந்தது. தொடர்ந்து மூன்று மாதம் தன் ஃபைல்களில் ஒரு பிழையும் வராமல் காட்ட வேண்டும், அது ஒன்றுதான் நிபந்தனை. அவருக்கு அதெல்லாம் தூசி. முதல் ஆளாக ஜாங்கிரி வாங்கிக்கொண்டு போய் வாழ்த்தியவன் நான். அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"இனிமே தினம் நானே அவளுக்குத் தலை சீவி ஸ்கூலுக்கு அனுப்புவேண்ணா. அப்புறம் இன்னொண்ணு, அங்க எல்லாம் டச் ஸ்கிரீனாம். எடிட்டரும் கெடையாது, கான்ஃபிக்கும் கெடையாது. வெரலால தொட்டா போதும். இந்தப் பேஜாரே இல்ல" என்றார்.

பேஜாரு என்று சொன்னார், மேடம். எனக்குச் சுருக்கென்றது. ஜாங்கிரியை முழுவதும் தின்றுவிட்டுத்தான் எழுந்தேன். கோபம் எல்லாம் இல்லை. கோபத்தில் எழுதினால் கான்ஃபிக்கில் தப்பு வரும்.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் அவருடைய கான்ஃபிக் ஃபைலில் ஒரே ஒரு வரி சேர்த்தேன். சேவ் பண்ணி மூடும் பொத்தானைத் தட்டும்போது கடைசி வரியை எடுத்துவிட்டு மூடு, அவ்வளவுதான். ஆனால் ஒவ்வொரு முறையும் அப்படி நடந்தால் சரியாக இராது. எப்போதும் நடந்தால் அது மிஷின் கோளாறு, உடனே ஆள் வந்து பார்ப்பார்கள். எப்போதாவது நடந்தால்தான் அது மனுஷக் கோளாறு. அதனால் கடிகாரத்தில் நொடி சரியாகப் பதினேழாக இருந்தால் மட்டும் எடுக்கும்படி எழுதினேன். எந்த ஃபைலில், எந்த நாளில் என்று எனக்கே தெரியாது. அந்த அளவுக்கு நான் நடுநிலையாக இருந்தேன்.

கடைசி வரி இல்லாமல் முதலில் வெளியே போனது "முல்லை வெள்ளை" பெயிண்டு. தரச் சோதனையில் நிறமும் கெட்டித்தன்மையும்தான் பார்ப்பார்கள், நாற்றம் மூன்று வாரம் கழித்துத்தான் வரும். ஆரணியில் ஒரு கல்யாண மண்டபத்துக்கு அடித்திருக்கிறார்கள். முகூர்த்தத்தன்று மாப்பிள்ளை வீட்டார் மூக்கைப் பொத்திக்கொண்டே சாப்பிட்டார்களாம். ஊறுகாய் கெட்டுவிட்டது என்று சமையல்காரரைப் பிடித்துச் சத்தம் போட்டார்களாம். இதைக் கேட்டு நம் கேண்டீனே சிரித்தது, துர்காதேவியும்கூட முதலில் சிரித்தார். பிறகு ஃபைலைத் திறந்து பார்த்தார். கடைசி வரியைக் காணோம்.

"நான் போட்டேண்ணா. எங்கண்ணால பார்த்தேண்ணா."

"போட்டுதான் இருப்பம்மா. வேற ஞாபகத்துல சேவ் பண்ண மறந்திருப்ப. வுடு" என்றேன். மூன்று மாதக் கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பமானது.

பிறகு அவர் ஒவ்வொரு ஃபைலையும் மூடிவிட்டு மறுபடி திறந்து பார்க்க ஆரம்பித்தார். காணாமல் போனவற்றில் பெரும்பாலானவற்றை அவரே கண்டுபிடித்துத் திருத்திவிடுவார். ஆனால் சரிபார்த்த பிறகும் அதே பொத்தானைத் தட்டித்தானே மூட வேண்டும்? அவர் எத்தனை முறை சரிபார்த்தாரோ அத்தனை முறை அந்தப் பதினேழாவது நொடிக்கு இன்னொரு வாய்ப்பு. இதை நான் திட்டமிடவில்லை. தானாக அமைந்தது. நன்றாக எழுதிய கான்ஃபிக்கில் இப்படிச் சில அழகுகள் தானாகவே அமையும்.

இரண்டாவது தடவை ஆனதும் கண்ணில்தான் கோளாறு என்று நினைத்தார். கண் ஆஸ்பத்திரிக்கு நான்தான் துணைக்குப் போனேன். கண் நன்றாகத்தான் இருக்கிறது என்றார்கள். அவர் பிடிவாதம் பிடித்து ஒரு கண்ணாடி வாங்கிக்கொண்டார், ஃபிரேமைத் தேர்ந்தெடுத்தது நான். அந்த முகத்துக்கு அது எடுப்பாக இருக்கிறது, நீங்களே பார்த்திருப்பீர்கள். ரத்தம் குறைச்சலாக இருக்கும் என்று இரும்புச் சத்து மாத்திரை சாப்பிட்டார். சிறுவாபுரி முருகன் கோயிலுக்கு ஆறு செவ்வாய்க்கிழமை நடந்தார். நானும் போய் வெளியே அவர் செருப்பைப் பார்த்துக்கொண்டேன். எல்லாரும் வீடு வேண்டும், மனை வேண்டும் என்று கேட்கும் இடத்தில் "எனக்கு ஞாபக சக்தி குடுப்பான்னு கேட்டேண்ணா" என்று சொல்லிப் பொங்கலில் பாதியை என் கையில் வைத்தார். நெய் தாராளமாக இருந்தது.

ஆறாவது செவ்வாய் முடிந்து நாலாம் நாள் மூன்றாவது நாற்றம் கிளம்பியது.

அதற்குப் பிறகு சில மாற்றங்களைக் கவனித்தேன். நடந்ததை மறைக்காமல் எழுதச் சொன்னீர்கள் என்பதால் இவற்றையும் எழுதுகிறேன். ஸ்டேஷன் வரை வந்தவர் வீட்டைப் பூட்டினோமா என்று திரும்பிப் போவார். கேஸை மூடியாச்சு என்று உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொள்வார், பிறகு எழுதியது தான்தானா என்று பார்த்துக்கொண்டிருப்பார். ஸ்கூட்டி ஓட்டுவதை நிறுத்திவிட்டார். டீ வேளையில் பேசுவது குறைந்தது. ஒரு திங்கட்கிழமை என்னிடம் சொன்னார்:

"நேத்து பூமிய கடைக்குக் கூட்டிக்கினு போகச் சொன்னாருண்ணா. நான் போகல. ரோட்ல அவ கையப் புடிச்சிகினு கீறேனா, வுட்டுட்டேனான்னு எனக்கே தெரியாம போச்சுன்னா? எனக்கு பயமா கீது. புள்ள அழுதுகினே நைனாகூட போச்சு."

எனக்கு மனசு கஷ்டமாகிவிட்டது, உண்மையாகவே. ஒரு பஜ்ஜி வாங்கிக் கொடுத்தேன். "டென்ஷனை கொறச்சுக்கோம்மா, எல்லாம் சரியாப் பூடும்" என்றேன். அந்த வரியை எடுத்துவிடலாமா என்றுகூட யோசித்தேன். ஆனால் எடுத்தால் அவர் மூன்று மாதத்தில் போய்விடுவார். இந்த நிலைமையில் புது ஊர், புது பிளான்ட் எல்லாம் தாங்குவாரா? என் பக்கத்தில் இருந்தால் ஒருவர் பார்த்துக்கொள்ளவாவது இருப்பார்.

நான்காவது தடவைக்குப் பிறகு நாயுடுபேட்டை வேலைக்குத் தான் தகுதியில்லை என்று அவரே உங்களுக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தார். உங்கள் ஃபைலில் இருக்கும். அதில் எழுத்துப்பிழை வரக்கூடாது என்று என்னிடம் காட்டித் திருத்திக்கொண்டார்.

போன வாரம் ஐ.டி. பிரிவிலிருந்து கவிப்பிரியா வந்தார். புது கம்ப்யூட்டருக்கு எல்லாருடைய ஃபைலையும் மாற்றும்போது துர்காதேவியின் கான்ஃபிக்கை வரி வரியாகப் படித்திருக்கிறார். "சார், இந்த ஒரு வரி இன்னாத்துக்கு சார்?" என்று கேட்டார்.

நான் எழுதிய ஃபைலை ஒருவர் படித்து, ஒரு வரியைக் காட்டி, இது எதற்கு என்று கேட்டது அதுதான் முதல் தடவை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரவைத்து அரை மணி நேரம் சொன்னேன். நொடியை எப்படிப் பிடித்தேன், ஏன் பதினேழு, மற்றவர்கள் கண்ணில் படாமல் எப்படி அடக்கமாக எழுதினேன், எல்லாம். அவர் முகம் ஏன் அப்படிப் போயிற்று என்று எனக்கு அப்போது புரியவில்லை. நான் ஒப்புக்கொண்டதாக நீங்கள் பதிவு செய்திருக்கிறீர்கள். நான் விளக்கினேன், மேடம். ஆனாலும் உங்கள் வார்த்தையிலேயே எழுதிவிடுகிறேன்: அந்த வரியை எழுதியது நான். தெரிந்தே எழுதினேன். பதினான்கு மாதம் அதை எடுக்கவில்லை.

நேற்று துர்காதேவி என் மேஜைக்கு வந்தார். கவிப்பிரியா அச்செடுத்துக் கொடுத்த தாள் கையில் இருந்தது. திட்டுவார் என்று நினைத்தேன். அந்த வரியை மட்டும் விரலால் காட்டி, "அப்போ எனக்கு ஒண்ணும் இல்லியா? நான் நல்லாதான் கீறேனா?" என்றார். ஆமாம் என்றேன். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். சிரிப்பும் அழுகையுமாகப் போனை எடுத்து, "பூமி, அம்மாக்கு ஒண்ணும் இல்லடி, அம்மா நல்லாதான் கீறேன். இந்த ஞாயித்துக்கெழமை நாமளே கடைக்குப் போலாம், நானே கையப் புடிச்சிகினு போறேன்" என்றார். அங்கேயிருந்து குழந்தை ஏதோ கத்தியது. கூடத்தில் எல்லாரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். இத்தனை மாதத்தில் அவர் இவ்வளவு சந்தோஷப்பட்டு நான் பார்த்ததே இல்லை. அந்தச் சந்தோஷத்தை என் ஒரே ஒரு 'ஆமாம்' கொடுத்தது, அதையும் பதிவில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எழுந்தார், கண்ணாடியைக் கழற்றி என் மேஜைமேல் வைத்தார், போய்விட்டார். ஒரு நன்றிகூடச் சொல்லவில்லை. நான் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை, மேடம். பாவம், அவருக்குக் கொஞ்சம் மறதி உண்டு.